நிலநடுக்கங்கள் அதிகமாகிவிட்டனவா? முதலில் வரும் எண்ணை நம்பலாமா?

கேள்வி: 30 ஜூலை 2025, காலை

ஜனவரியில் திபெத், 7.1. மார்ச்சில் மியான்மர், 7.7. இன்றைக்கு ரஷ்யாவின் கம்சட்கா, 8.8. சின்ன வயதில் இவ்வளவு கேள்விப்பட்டதே இல்லை. பூமிக்குள் ஏதோ மாறிக்கொண்டு வருகிறதா? இன்னொன்று. முதலில் 8.0 என்றார்கள், பிறகு 8.7, இப்போது 8.8. அளக்கத் தெரிந்தவர்களே மூன்று எண் சொன்னால் எதை நம்புவது?

30 ஜூலை 2025, மாலை

இரண்டாவது கேள்விதான் கனமானது. முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

உலகம் முழுக்க வருஷத்துக்கு 7-ஐத் தாண்டும் நிலநடுக்கம் சராசரியாக 15, 8-ஐத் தாண்டுவது 1. இது நீண்டகாலப் பதிவுகளில் இருந்து வந்த கணக்கு. 2010-இல் 7-க்கு மேல் 23 வந்தன. 1989-இல் வெறும் 6. இரண்டு வருஷத்திலும் பூமி ஒரே பூமிதான். ஏற்ற இறக்கம் அதன் இயல்பு.

கூடியிருப்பது நம் கண்ணும் காதும். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யு.எஸ்.ஜி.எஸ். மட்டும் இப்போது வருஷத்துக்கு ஏறக்குறைய 20,000 நிலநடுக்கங்களுக்கு இடம் குறிக்கிறது. நாளுக்கு ஐம்பதுக்கு மேல். அறுபது வருஷத்துக்கு முன்னால் இவற்றில் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமலே வந்து போயின. இப்போது கைப்பேசியில் ஒலியோடு வருகின்றன.

30 ஜூலை 2025, இரவு

எண் ஏன் மாறுகிறது என்பதற்கு வருகிறேன்.

நிலநடுக்கம் ஒரு புள்ளியில் நடப்பதில்லை. ஒரு புள்ளியில் தொடங்குகிறது, அவ்வளவுதான். அங்கிருந்து பிளவு நொடிக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் வேகத்தில் கிழிந்துகொண்டே போகிறது. இன்றைய நிலநடுக்கத்தில் கிழிந்த நீளம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் என்கிறார்கள். கிழிந்து முடியவே சில நிமிடங்கள் ஆகும். முதல் நிமிடத்துப் பதிவை வைத்து ஒருவர் எண் சொன்னால், இன்னும் முடியாத ஒன்றைத்தான் அளந்திருக்கிறார்.

அடுத்த சிக்கல், பெரிய நிலநடுக்கத்தின் சக்தி மிக மெதுவாக ஏறி இறங்கும் நீண்ட அலைகளில் இருக்கிறது. ரிக்டர் 1935-இல் தெற்குக் கலிஃபோர்னியாவுக்காக வகுத்த முறை குறுகிய அலைகளின் உயரத்தை அளப்பது. ஓரளவுக்கு மேல் அந்த உயரம் கூடாது, எண் அங்கேயே முட்டி நின்றுவிடும். இன்று பயன்படுவது 1979-இல் ஹாங்க்ஸும் கனமோரியும் வகுத்த திருப்புத்திறன் அளவு. எவ்வளவு பரப்பு நகர்ந்தது, எவ்வளவு தூரம் நகர்ந்தது, பாறை எவ்வளவு விறைப்பானது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது. நீண்ட அலைகள் வந்துசேர வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும்.

8.0-க்கும் 8.8-க்கும் எண்ணில் 0.8தான் வித்தியாசம். சக்தியில் பார்த்தால் ஏறக்குறைய 16 மடங்கு.

31 ஜூலை 2025

வீட்டில் ஒரு சிறிய நிலநடுக்கமானி வைத்திருக்கிறேன். ராஸ்பெரி ஷேக் என்ற வகை, ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். தரைத்தளத்தில், மூலையில், சிமென்ட் தரையோடு ஒட்டி வைத்திருக்கிறேன். சாதாரண நாளில் அதில் தெரிவதெல்லாம் எங்கள் நடமாட்டம், தண்ணீர் மோட்டார், தெருவில் போகும் லாரி. நள்ளிரவுக்கு மேல் கோடு மெல்லியதாகும்.

நேற்றைய பதிவைத் திறந்து பார்த்தேன். மெல்லிய கோடு ஒரே இடத்தில் சட்டென்று தடிக்கிறது. அதுதான் பி அலை, பூமியின் உள்ளே குறுக்கே புகுந்து வந்தது. கொஞ்ச நேரம் கழித்து எஸ் அலை, பாறையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு பி-யைவிட மெதுவாக வருவது. அதற்குப் பிறகு வெகுநேரம் கழித்து மேற்பரப்பு அலைகள். என்னுடையது குறைந்த விலைக் கருவி, மெதுவான அலைகளைச் சரியாகப் பிடிக்காது. அப்படியும் கோடு பழைய நிலைக்கு வர மணிக்கணக்கானது. வீட்டில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை, எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருக்கிறேன். எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கிழிந்த பாறை என் வீட்டுத் தரையை அசைத்துவிட்டுப் போயிருக்கிறது.

பி முதலில் வந்து எத்தனை நொடி கழித்து எஸ் வருகிறது என்று எண்ணி எட்டால் பெருக்குங்கள். பக்கத்தில் நடந்த நிலநடுக்கமாக இருந்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைத்துவிடும். மூன்று இடங்களில் இருந்து அப்படித் தூரம் கிடைத்தால் வரைபடத்தில் வட்டம் போட்டு மையத்தைப் பிடிக்கலாம். இன்றைக்குக் கணினி நூற்றுக்கணக்கான நிலையங்களை வைத்துச் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்.

1 ஆகஸ்ட் 2025

'ஒரே தட்டின் வேலையா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தட்டு என்பது பூமியின் மேலோட்டில் மெதுவாக நகரும் பெரிய துண்டு. ஒரே தட்டின் வேலை இல்லை. கம்சட்காவில் பசிபிக் தட்டு வருஷத்துக்கு ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் வீதம் அடியில் புதைகிறது. மியான்மரில் நடந்தது பக்கவாட்டு நகர்வு. சகாயிங் பிளவின் இரண்டு கரையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் போனவை. இரண்டுக்கும் நேரடி உறவு கிடையாது.

கனமான பீரோவைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தள்ளத் தள்ள நகராது. கை வலிக்கும். பிறகு திடீரென்று ஒரு முழம் போய் நிற்கும். தட்டு ஒருநாளும் நிற்பதில்லை, பிளவுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடி விடும்போது அத்தனை வருஷத்து நகர்வும் சில நொடியில் நடக்கிறது.

இப்போது கணக்குப் பாருங்கள். கம்சட்காவில் இதற்கு முன் இதே பகுதியில் வந்தது 1952 நவம்பரில், அளவு 9.0. நடுவில் 73 வருஷம். 8 சென்டிமீட்டர் வீதம் சேர்ந்தால் ஏறக்குறைய 6 மீட்டர். 8.8-க்கு இது போதுமா? எனக்கு இது உறுத்துகிறது. 1952-இல் பிளவு முழுக்கத் தன் கடனைத் தீர்த்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பெரியது வந்திருக்கக் கூடாது. அப்போது விட்டுவைத்த துண்டுகள் இப்போது நகர்ந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. 'நூறு, இருநூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும்' என்று பிளவுகளுக்கு நாம் எழுதி வைக்கும் அட்டவணைகளை இனிக் கொஞ்சம் தயக்கத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

1 ஆகஸ்ட், பிற்சேர்க்கை

1952 சுனாமியில், கம்சட்காவுக்குத் தெற்கே குரில் தீவில் உள்ள செவரோ-குரில்ஸ்க் ஊர் அழிந்தது. 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சோவியத் அரசு செய்தியை வெளியே விடவில்லை. ஊரை மறுபடி மேட்டில் கட்டினார்கள். இந்த முறை தண்ணீர் துறைமுகத்துக்குள் புகுந்தது, மேட்டில் இருந்த ஊர் பிழைத்தது.

3 ஆகஸ்ட் 2025

ஜூலை 20-ஆம் தேதி அதே இடத்தில் 7.4 வந்தது. அப்போது அதை எல்லாரும் 'முதன்மை நிலநடுக்கம்' என்றுதான் பதிவு செய்தார்கள். பத்து நாள் கழித்து 8.8 வந்ததும் 7.4 முன்னதிர்வாக மாறிவிட்டது. 2011-இலும் இதேதான். மார்ச் 9-இல் ஜப்பான் கரைக்கு அப்பால் 7.3, மார்ச் 11-இல் 9.0.

வரும்போது முன்னதிர்வுக்கென்று தனி அடையாளம் எதுவும் இருப்பதில்லை. ஒரு நிலநடுக்கத்துக்குப் பின் அதைவிடப் பெரியது வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்துதான். அந்த ஐந்தில் ஒன்று இது.

4 ஆகஸ்ட் 2025

'ஜூலை 5-இல் ஜப்பானில் பேரழிவு என்று முன்பே சொன்னார்களே, சில நாள்தானே தள்ளிப்போனது' என்ற செய்தி எனக்கும் வந்தது. எங்கே, எப்போது, எவ்வளவு என்ற மூன்றையும் முன்கூட்டிச் சொல்லி, மூன்றும் பலித்தால்தான் அது கணிப்பு. நாள் தப்பியது, நாடும் தப்பியது. இதில் எனக்குக் கோபம் உண்டு. ஜூன் கடைசியில் இருந்து ஜப்பானின் டொக்காரா தீவுகளில் ஆயிரக்கணக்கில் சின்ன நிலநடுக்கங்கள் வந்துகொண்டிருந்தன, மக்கள் தூக்கமின்றி வேறு இடம் போனார்கள். அவர்களுடைய பயத்தின் மேல் வதந்தியை ஏற்றினார்கள்.

கணிப்பில் உண்மையாக முயன்றவர்களின் கதை வேறு. சீனாவின் ஹைசெங்கில் 1975 பிப்ரவரியில் முன்னதிர்வுகள் கூடிக்கொண்டே போனதைப் பார்த்து மக்களை வெளியேற்றினார்கள், பலர் பிழைத்தார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் தாங்ஷான். முன்னதிர்வும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. இறந்தவர்கள் அரசுக் கணக்கிலேயே 2,42,000 பேர். கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1993-க்குள் வரும் என்று கருவிகளைப் புதைத்துக் காத்திருந்தார்கள், வந்தது 2004 செப்டம்பரில். அத்தனை கருவிகளுக்கு நடுவில் நடந்தும் முன்னறிகுறி என்று எதுவும் சிக்கவில்லை.

9 ஆகஸ்ட் 2025

ஒன்று இன்னொன்றைத் தூண்டுமா என்ற கேள்வியை 1-ஆம் தேதி ஒரே வரியில் கடந்துவிட்டேன். அதை இன்னும் சொல்ல வேண்டும். பக்கத்தில் தூண்டும், அதைத்தான் பின்னதிர்வு என்கிறோம். தொலைவிலும் அபூர்வமாகத் தூண்டும். 1992-இல் கலிஃபோர்னியாவில் லேண்டர்ஸ் நிலநடுக்கம் வந்ததும் வெகுதொலைவில் உள்ள யெல்லோஸ்டோனில் சின்னச் சின்ன அதிர்வுகள் கூடின. 2012 ஏப்ரல் 11 சுமத்ரா அருகே இந்தியப் பெருங்கடலில் 8.6 வந்தபிறகு சில நாட்களுக்கு உலகின் பல இடங்களில் 5.5-க்கு மேற்பட்டவை வழக்கத்தைவிட அதிகமாயின. ஆனால் நாலு மாதம் கழித்து, வேறொரு தட்டில், இன்னொரு பெரிய நிலநடுக்கம்? அதற்குச் சான்று இல்லை.

அந்த ஏப்ரல் 11 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஓர் உயரமான கட்டிடத்தின் மேல்தளத்தில் வேலை. எனக்கு மட்டும் தலை சுற்றுகிறது என்று நினைத்து மேசையைப் பிடித்துக்கொண்டேன். எதிரே பாட்டிலில் தண்ணீர் ஒருபக்கமாக ஏறி, நிதானமாக மறுபக்கம் இறங்கியது. திறந்திருந்த கதவு தானாகப் பாதி மூடியது. சத்தமே இல்லை. படி வழியாக ஓடி இறங்கினால், கீழே காவலாளி ஏன் ஓடுகிறீர்கள் என்று கேட்கிறார். அவருக்கு எதுவும் தெரியவில்லை.

மார்ச்சில் பாங்காக்கில் நடந்ததைக் கேட்டதும் இதுதான் நினைவுக்கு வந்தது. மையத்தில் இருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். வேகமாக நடுக்கும் அலைகள் வழியிலேயே பாறையில் கரைந்துவிடும். மெதுவாக ஆட்டும் அலைகள் மட்டும் வந்துசேரும். பாங்காக்கின் அடியில் இருப்பது மெத்தென்ற களிமண், அது அந்த அலைகளைப் பெரிதாக்கும். பத்து மாடிக் கட்டிடம் ஏறக்குறைய ஒரு நொடிக்கு ஒருமுறை ஆடும் இயல்புடையது, முப்பது மாடி என்றால் மூன்று நொடி. அலையின் நேரமும் கட்டிடத்தின் நேரமும் பொருந்திவிட்டால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். குட்டை வீடுகள் தப்பிக்கும். மெக்ஸிகோ நகரில் 1985-இல் பார்த்ததும் இதுதான். மையம் 350 கிலோமீட்டர் தள்ளி, நகரம் பழைய ஏரிப்படுகையின் மேல்.

ஆனால் பாங்காக்கில் முழுக்கச் சரிந்தது கட்டிக்கொண்டிருந்த ஒரே ஓர் உயரக் கட்டிடம். சுற்றிலும் நூற்றுக்கணக்கான கோபுரங்கள் ஆடிவிட்டு நின்றன. களிமண்ணின் மேல் மட்டும் பழிபோட முடியாது.

10 ஆகஸ்ட் 2025

மியான்மர் பற்றி விடுபட்டது. தாசி அருகே ஒரு கண்காணிப்புக் கேமரா பிளவு நகர்வதையே நேராகப் பிடித்துவிட்டது. ஒரு வாயிற்கதவு, சிமென்ட் பாதை. முதலில் எல்லாம் குலுங்குகிறது. பிறகு பாதையின் வலப்பக்க நிலம் மொத்தமாக வழுக்கிக்கொண்டு போகிறது. கியோட்டோ பல்கலைக்கழகத்தார் ஒவ்வொரு சட்டகமாக அளந்து 1.3 நொடியில் 2.5 மீட்டர் என்று சொன்னார்கள். நிலம் நகர்ந்து முடிந்த தடயங்களைத்தான் இதுவரை பார்த்து வந்தோம். நகரும்போதே பார்ப்பது இப்போதுதான். நான் முதலில் குலுங்கலையே பார்த்துக்கொண்டிருந்தேன், திரும்ப ஓட்டியபோதுதான் பின்னால் நிலம் போவது கண்ணில் பட்டது.

17 ஆகஸ்ட் 2025

கொஞ்சம் விலகிப் போகிறேன். இவ்வளவு கருவிகள் உலகெங்கும் வந்ததற்குப் பெரிய காரணம் அணுகுண்டு. 1960-களில் யார் எங்கே ரகசியமாக வெடிக்கிறார்கள் என்று பிடிக்கத்தான் உலகளாவிய வலைப்பின்னல் போட்டார்கள். கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் கருவி வரிசையும் அந்தக் காலத்ததுதான். வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒரேயடியாகத் தள்ளும், அதனால் பி பெரிதாகவும் எஸ் சிறிதாகவும் இருக்கும். பிளவு உரசி நகரும்போது எஸ் ஓங்கும்.

அதே கருவிகள் 2023 செப்டம்பரில் யாரும் எதிர்பாராததைக் கேட்டன. 92 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஒரே சீரான அலை, ஒன்பது நாள், உலகம் முழுக்க. முதலில் என்ன என்றே புரியவில்லை. கிழக்கு கிரீன்லாந்தின் டிக்ஸன் ஃபியோர்டில் மலைச்சரிவு தண்ணீரில் விழுந்து, அந்தக் குறுகிய நீர்ப்பரப்பு கரைக்குக் கரை ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. பார்க்க ஒரு மனிதர் இல்லாத இடம்.

2 செப்டம்பர் 2025

ஆஃப்கானிஸ்தான், குனார். ஆகஸ்ட் 31 நள்ளிரவை ஒட்டி, 6.0, ஆழம் 8 கிலோமீட்டர். இறந்தவர்கள் நேற்று 800 பேர் என்றார்கள், இன்றைக்கு 1,400-ஐத் தாண்டிவிட்டது. மலைச்சரிவில் மண்ணும் கல்லுமாகக் கட்டிய வீடுகள். எல்லாரும் உள்ளே தூங்கும் நேரம்.

கம்சட்கா 8.8, சக்தியில் இதைப் போல் ஏறக்குறைய 16,000 மடங்கு. அங்கே நடுக்கத்தால் ஏற்பட்ட உயிர்ச்சேதம் ஏறக்குறைய இல்லை.

3 செப்டம்பர் 2025

ஆழத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். செய்திகளில் 'ஆழம் 10 கி.மீ.' என்று அடிக்கடி வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது பல சமயம் அளந்து வந்த எண் அல்ல. பக்கத்தில் நிலையம் இல்லையென்றால் ஆழத்தையும் தொடங்கிய நேரத்தையும் பிரித்துக் கணக்கிட முடியாது. அப்போது மேலோட்டமானது என்று மட்டும் தெரியும், ஆழத்தை 10 என்று கட்டிவைத்துவிட்டு மற்றதைக் கணக்கிடுவார்கள். முன்பு இந்த இடத்தில் 33 என்று போடுவது வழக்கம். பழைய பட்டியல்களைப் புரட்டினால் 33, 33, 33 என்று வரிசையாக நிற்கும்.

ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2013 மே, ஒக்கோத்ஸ்க் கடல். 8.3, ஆனால் 600 கிலோமீட்டர் ஆழத்தில். மாஸ்கோ வரை உணர்ந்தார்கள், பெரிய சேதம் இல்லை. குனாரில் பாறை கிழிந்த இடம் வீடுகளுக்கு நேர் கீழே 8 கிலோமீட்டர்.

5 செப்டம்பர் 2025

குனாரில் இறந்தவர் கணக்கு 2,200-ஐத் தாண்டியது.

2022-இல் பக்திகா, 2023-இல் ஹெராத், இப்போது குனார். மூன்றிலும் 1,000 பேருக்கு மேல். மூன்றும் 6-ஐ ஒட்டியவை. போன வருஷம் ஆகஸ்ட் 8 ஜப்பானின் ஹியூகா கடலில் 7.1 வந்தது, ஒருவரும் இறக்கவில்லை. வித்தியாசம் சுவரில் இருக்கிறது. குறுக்கே மரச்சட்டம் பதித்துக் கட்டினால், மூலைகளைப் பிணைத்துக் கட்டினால், கல் வீடும் ஆட்களை வெளியேற விட்டுத்தான் விழும். இது தெரியாத சங்கதி இல்லை. மரத்துக்குப் பணமும் செய்து காட்ட ஆளும் அந்த மலைகளுக்குப் போகவில்லை.

6 செப்டம்பர் 2025

எண் மாறுவதைப் பற்றி முதல் நாள் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். 2011 மார்ச் 11 அன்று ஜப்பான் வானிலை முகமை மூன்று நிமிடத்தில் 7.9 என்று கணக்கிட்டது. அதை வைத்து மியாகிக்கு 6 மீட்டர், இவாதேவுக்கும் ஃபுகுஷிமாவுக்கும் 3 மீட்டர் சுனாமி என்று அறிவித்தது. பிறகு உயர்த்தினார்கள், அதற்குள் பல இடங்களில் மின்சாரம் போய்விட்டது. தடுப்புச்சுவர் இருக்கிறது, 3 மீட்டர்தானே என்று நின்றவர்கள் உண்டு.

2013-இல் முறையை மாற்றினார்கள். 8-க்கு மேல் இருக்கலாம் என்று தோன்றினால் முதல் அறிவிப்பில் மீட்டர் கணக்கு வராது. 'மிகப் பெரியது' என்று மட்டும் வரும். எண் தெளிவான பிறகுதான் மீட்டர். முதல் எண் ஓடுவதற்கு, கடைசி எண் கட்டுவதற்கு என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். கடற்கரையில் நிற்பவருக்கு இரண்டும் வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு மேல் நிலம் ஆடினால் மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

1 அக்டோபர் 2025

பிலிப்பைன்ஸின் செபு, நேற்றிரவு, 6.9. இறந்தவர் கணக்கு இன்னும் ஏறுகிறது. இப்போது அளவைப் பற்றி எழுத மனமில்லை.

11 அக்டோபர் 2025

நேற்று பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவின் கிழக்குக் கரைக்கு அப்பால் 7.4, அன்றே மாலை இன்னொன்று. 'இரண்டு வாரத்தில் இரண்டாவது, இப்போதாவது அதிகமாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ளுங்கள்' என்று கேட்டிருக்கிறார்கள். 7-க்கு மேல் மாதத்துக்கு ஒன்றுக்கும் சற்று அதிகம் என்பதுதான் சராசரியே. பிலிப்பைன்ஸ் இருப்பதோ கிழக்கிலும் மேற்கிலும் தட்டுகள் புதையும் இடத்தில்.

மனிதர் செய்வதால் கூடிய இடங்கள் இருக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். ஓக்லஹோமாவில் எண்ணெய்க் கிணற்றுக் கழிவுநீரை ஆழத்தில் செலுத்தினார்கள், வருஷத்துக்கு ஒன்றிரண்டாக இருந்த 3-க்கு மேற்பட்டவை 2015-இல் நூற்றுக்கணக்காயின. நீர் பிளவுக்குள் அழுத்தம் கொடுத்தால் பிடி தளரும். செலுத்துவதைக் குறைத்ததும் குறைந்தன. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையில் 1962-இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள், 1967 டிசம்பரில் 6-ஐத் தாண்டிய நிலநடுக்கம். ஆனால் கம்சட்காவையோ மிண்டனாவோவையோ இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

12 அக்டோபர் 2025

முன்னெச்சரிக்கை பற்றி வந்த கேள்விக்கு. பி நொடிக்கு 6 கிலோமீட்டர், எஸ் 3.5 என்று வையுங்கள். மையத்தில் இருந்து 100 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு எஸ் வர 29 நொடி. மையத்துக்குப் பக்கத்து நிலையம் பி-யை இரண்டு, மூன்று நொடியில் பிடித்து, கணினி இன்னும் சில நொடியில் முடிவெடுத்தால், அவருக்கு ஏறக்குறைய 20 நொடி கிடைக்கும். ரயிலை மெதுவாக்க, மேசைக்கடியில் போக, அடுப்பை அணைக்கப் போதும். மையத்தின் மேலேயே இருப்பவருக்கு எதுவும் கிடைக்காது. குனார் மாதிரி இடங்களில் செய்தி வருவதற்குள் சுவர் விழுந்துவிடும். அதனால்தான் சுவரைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

14 அக்டோபர் 2025

வீட்டுக் கருவி வாங்க நினைப்பவர்களுக்கு. தரைத்தளத்தில் வையுங்கள். மேல்மாடியில் வைத்தால் கட்டிடத்தின் ஆட்டம்தான் பதிவாகும். மோட்டாருக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் தள்ளி, டைல்ஸ் அடியில் பொக்கையாக இல்லாத இடம் பாருங்கள், தட்டினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். கருவி இணையத்தோடு இருக்கட்டும், இல்லையென்றால் கடிகாரம் நகர்ந்துவிடும். ஒரு நொடி தப்பினால் பி அலைக் கணக்கில் 6 கிலோமீட்டர் தப்பும்.